சூரியப் புயலும் ஒரு பலாப்பழமும்

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இறுதிப் போட்டியை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை பார்த்தே தீருவது என்று நீலகிரி மலையில் எமரால்டு ஊரின் உரக்கடை ஆறுக்குட்டி சபதம் செய்திருந்தார். குறுக்கே வந்து நின்றது, அவரே சொன்ன ஒரு பொய்.

புதன்கிழமை அவர் மனைவி சசிகலா, தேவாலாவிலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு முரட்டுப் பலாப்பழத்துடன் திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்றபடி, ஸ்கூட்டரை எடுத்துவரச் சொல்லிப் பதினோரு தடவை போன் போட்டாள். அவரோ நண்பர்களோடு கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். பழத்தை இடுப்பில் சுமந்து மேடேறி வந்தவளிடம் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

“சூரியப் புயல், சசி! லடாக்ல வானமே சிவந்துபோச்சாம். அதுலதான் சிக்னல் போயிருச்சு.”

“அப்படீங்களா,” என்று பழத்தை மூலையில் வைத்தாள். அவ்வளவுதான். கத்தாமல் விட்டாளே என்று ஆறுக்குட்டிக்கு ஒரே சந்தோஷம். பாவம் மனுஷன்.

ஞாயிறு. டாஸ் போடும் நேரத்தில் டிவி இருண்டது. ரிமோட்டைத் தட்டினார், டிவியைத் தட்டினார், தன் தலையிலும் தட்டிக்கொண்டார்.

“ஏனுங்க, சூரியப் புயலா இருக்குமுங்களா?” வெளியிலிருந்து சசிகலாவின் குரல்.

“உளறாத! சூரியன்லருந்து மின்துகள் கெளம்பி வரும், நெசந்தான். ஆனா பூமி ஒரு பெரிய காந்தம். வட துருவம், தென் துருவம்னு ஓரமாத் தள்ளி உட்டுரும்.”

“அங்க போயி என்னங்க பண்ணும்?”

“மேல இருக்கற காத்துல மோதும். மோதுனா காத்து பச்சையா, சிவப்பா மின்னும். அதான் துருவ ஒளி.”

“லடாக்ல தெரிஞ்சுதுன்னீங்க?”

“புயல் பலமா இருந்தா அங்க வரைக்கும் தெரியும். எமரால்டுக்கு அது எங்க வருது? இங்க டிவிக்கும் ஒண்ணும் ஆகாது, செல்போனுக்கும் ஒண்ணும்...”

ஆறுக்குட்டி சட்டென்று நிறுத்தினார். ஆனால் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

சசிகலா உள்ளே வந்தாள். ஒரு கையில் டிஷ் வயர், இன்னொரு கையில் கத்தி.

“அப்பறம் புதன்கிழமை நீங்க எந்தத் துருவத்துலங்க இருந்தீங்க?”

பலாப்பழத்தை உருட்டிக்கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தி, எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்தாள்.

“கடைசிச் சுளை வந்ததும் வயரைத் தர்றேனுங்க.”

கடைசிச் சுளையை எடுத்து, கைப்பிசினைத் துடைத்து, ஆறுக்குட்டி வயரைச் செருகினார். டிவியில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நாளை நீலகிரியில் வானம் தெளிவாக இருக்குமாம்.