நடக்காத விழாவில் விழுந்த கைதட்டல்

யூப்பிட்டர் துணை

ரோமாபுரி, அவெந்தினக் குன்றுச் சரிவு.

பிரேனெஸ்தே ஊரில் ஒலிவத் தோப்புகளுக்கும் எண்ணெய்ச் செக்குகளுக்கும் அதிபதியான மைத்துனர் ஸ்பூரியஸ் ஒப்ஸியஸ் அவர்களுக்கு, நுமேரியஸ் சாத்ரியஸ் எழுதிக்கொண்டது. நீங்கள் சுகமாயிருந்தால் எனக்கு அதுவே பெரிய சுகம். நான் சுகம். உங்கள் தங்கையும் சுகம், முழங்கால் வலி தவிர. அதற்கும் காரணம் நான்தான் என்கிறாள். தங்கள் தோப்பும், செக்கும், செக்கிழுக்கும் கழுதைகளும் நலமாயிருக்க வீட்டு தெய்வங்களை வேண்டுகிறேன்.

மச்சான், மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். மெழுகுப் பலகையில் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், சந்தோஷத்தில் எழுத்தாணி கையில் நிற்க மாட்டேன் என்கிறது. நம்ம மாமெர்கஸ் ஜெயித்துவிட்டான். என் பிள்ளை எழுதிய நாடகத்தை ரோமாபுரி ஜனம் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தது. போன சனி தேவன் பண்டிகை விருந்தில் நீங்கள் பன்றிக் கறியை மென்றுகொண்டே சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "உம்ம பையன் நாடகத்த ஜனங்க முடியிற வரைக்கும் உக்காந்து பாத்தா என் மகளத் தர்றேன், ஹெர்குலிஸ் சாட்சி. பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா, அவன் என் செக்குல வந்து நிக்கணும், பொண்ணு கொட்டை வியாபாரி வீட்டுக்கு மருமகளாப் போகும்." அன்றைக்கு உங்கள் மகள் ஒப்ஸியா கையில் பிடித்திருந்த ரொட்டித் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள், என் பையன் அதற்கப்புறம் ஒரு வாய் சாப்பிடவில்லை. நீங்கள் மட்டும் இன்னொரு துண்டு கறி கேட்டீர்கள்.

முதல் நாள் சங்கதி இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். மறைக்கவில்லை, நானே சொல்கிறேன். நாடகம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் எந்தப் படுபாவியோ, பக்கத்துத் திடலில் ஒருத்தன் கயிற்றின் மேல் நடக்கிறான் என்று கத்தினான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு ஓடியது. மிச்சம் இருந்தது நானும், குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு செருப்புத் தைப்பவரும். மேடையோரம் மாமெர்கஸ் தலையில் கைவைத்து நின்றான். செக்கில் கழுதைக்குப் பதில் அவன் சுற்றுவதைக் கண்ணால் கண்டேன் மச்சான். ஆனால் தெய்வம் கைவிடுமா? எங்கள் குழலூதி ஹெர்மியாஸ் இருக்கிறானே, அவனுக்கும் அந்தக் கயிற்றுக்காரனைப் பார்க்கணும் என்று ஆசை வந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்ததில் இரட்டைக் குழல் வாயை விட்டு நழுவி, பாட்டு நடுவிலேயே சத்தம் நின்றுபோனது. தெய்வத்துக்கு எடுத்த விழாவில் குழல் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூசாரிகள் கூடினார்கள், சடங்கில் பிசகு என்றார்கள், விழா முதலிலிருந்து மறுபடி நடக்கணும் என்று விழா நடத்தும் அதிகாரி உத்தரவு போட்டார்.

ஆகவே முதல் நாளைக் காட்டி நீங்கள் வாயே திறக்க முடியாது. பிசகிய விழா நடக்காத விழா. இது என் வாதமில்லை, பூசாரிகள் தீர்ப்பு. நடக்காத விழாவில் எவன் எழுந்து போனான்? ஒருத்தனும் போகவில்லை. எந்தப் பூசாரியையும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தடவைதான் மச்சான், நாடகம். கதை ஏதென்ஸில் நடக்கிறதாம். ரோமாபுரித் தகப்பனைக் கேலி செய்தால் உதை விழும் என்று இந்த எழுத்துக்காரர்கள் எல்லாக் கிழவனையும் கிரேக்கனாக்கிவிடுகிறார்கள். வெள்ளை முடி மாட்டிக்கொண்டு ஒரு கிழவன் வருகிறான். மகன் காதலுக்குக் குறுக்கே நிற்கிறான். அவன் வாயைத் திறந்தால் எல்லாம் நான் வீட்டில் சொல்கிற வார்த்தை. "என் சோத்தத் தின்னுட்டு எனக்கே கதை எழுதுறியா?" என்று அவன் கத்தினதும் பக்கத்திலிருந்த கசாப்புக்காரர் என் விலாவில் இடித்து, "பெரியவரே, இந்த மாதிரி ஒரு ஆள் எங்க தெருவுல இருக்காரு" என்றார். எங்க தெருவுல இல்லை என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் தகப்பனாக ஒரு எண்ணெய் வியாபாரியும் வருகிறான். அவனும் ஏதென்ஸ்காரன்தான், உங்களுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருமல் மட்டும் கொஞ்சம் ஒத்துப்போகிறது. செம்பட்டை முடி வைத்த அடிமை ரெண்டு கிழவன்களையும் ஏமாற்றி ஒரே அலமாரிக்குள் அடைத்தபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. வெளியே குத்துச்சண்டை என்று ஒருத்தன் கூவினான், "வாயை மூடுறா" என்று அவனைத்தான் விரட்டினார்கள்.

அப்புறம் அந்தக் கிழவன் அலமாரியை விட்டு வெளியே வந்து, மகனை நிமிர்ந்து பார்க்க முடியாமல், "உனக்கு என்ன வேணும்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனாடா?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். நானும் கேட்டதில்லை. கல்யாணப் பாட்டு முடிந்து, "கைதட்டுங்கள்" என்று நடிகர்கள் சொன்னபோது ரோமாபுரியே தட்டியது. இடையில் யாரோ ஒரு கிழவர் மேடையில் ஏறியதில் இன்னும் சிரிப்பு. அதை நேரில் சொல்கிறேன்.

ஆகவே கொட்டை வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒப்ஸியாவுக்கு மணப்பெண் போடும் நெருப்பு நிற முக்காடு வாங்க உங்கள் தங்கை கிளம்பிவிட்டாள். தங்கள் குலம் தழைக்கவும், தோப்பில் காய்க்காத மரமும் காய்க்கவும், தங்கள் மனம் இளகவும் சகல தெய்வங்களையும் வேண்டும்,
நுமேரியஸ்.

பின்குறிப்பு: பலகையைக் கட்டும் நேரத்தில் அதிகாரியின் ஆள் வந்துவிட்டுப் போனான். மேடையில் ஏறிய அந்தக் கிழவர் நான்தான். கல்யாணப் பாட்டு நடக்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. ஏறிப்போய் வெள்ளை முடிக்காரனைக் கட்டிப் பிடித்து, "குடுத்துருய்யா, பொண்ணக் குடுத்துருய்யா" என்று கத்தினேன். ஹெர்மியாஸ் பயந்து குழலைக் கீழே போட்டுவிட்டான். ஜனம் அதையும் நாடகம் என்று நினைத்தது, பூசாரிகள் நினைக்கவில்லை. சடங்கில் பிசகாம். விழா மூன்றாம் தடவை நடக்கணுமாம். மேலே 'நடக்காத விழாவில் எவன் எழுந்து போனான்' என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அதை எழுத்தாணியின் தட்டை முனையால் தேய்த்துவிடவும். நடக்காத விழாவில் எவன் உட்கார்ந்திருந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். நானே தேய்த்திருப்பேன், கடிதம் கொண்டுபோகும் கோவேறு கழுதைக்காரன் வாசலில் நின்று கத்துகிறான். பையனுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. மச்சான், கோபப்படாமல் கிளம்பி வாருங்கள், ஒப்ஸியாவையும் கூட்டிக்கொண்டு. என் பக்கத்திலேயே உட்காருங்கள். கல்யாணப் பாட்டு ஆரம்பித்ததும் என் வாயைப் பொத்தி, இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கிழவன் அலமாரியை விட்டு வெளியே வரும்போது உங்களை யார் பிடித்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.