நாறாத பூ

பூ விரிந்துவிட்டது. நாற்றம்தான் வரவில்லை.

தோட்டக்காரர் கண்ணாடி வீட்டின் நடுவில் நின்று பூவை மேலும் கீழும் பார்த்தார். அழகில் ஒரு குறையும் இல்லை. வெளியே பச்சை, உள்ளே காய்ந்த ரத்தத்தின் நிறம், நடுவில் ஆளை விட உயரமாக ஒரு மஞ்சள் தண்டு. ஒன்பது வருடமாக ஒற்றை இலையை விடுவதும் அதை உதிர்த்துவிட்டுக் கிழங்காகப் படுத்துக்கொள்வதுமாக ஏமாற்றிக்கொண்டிருந்த செடி அது. நேற்று கதவைப் பூட்டும்போது மொட்டு. விடிந்து வந்து பார்த்தால் தலைகீழாக வைத்த குடை போல நிற்கிறது.

முக்காலி போட்டு ஏறி, பூவுக்குள் முகத்தை விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்தது போல இருந்தது.

செத்த மாட்டின் வாடை அடிக்க வேண்டிய பூ. அந்த வாடைக்குத்தான் ஈக்கள் ஏமாந்து வந்து மகரந்தத்தைச் சுமந்து போகும். அவர் எருக்கிடங்கில் பல வருடம் கிடந்துவிட்டுக் கண்ணாடி வீட்டுக்கு வந்தவர். வாடைக்குப் பயப்படுகிறவர் அல்ல. வாடை இல்லாததற்குத்தான் பயந்தார்.

காரணம் இருந்தது. கண்ணாடி வீட்டுக்கு யாரும் வருவதில்லை, இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டலாம் என்று நகராட்சியில் முடிவாகியிருந்தது. தோட்டத்தின் இயக்குநர் கெஞ்சிக் கேட்டதில், கையெழுத்துப் போடுவதற்கு முன் பூவை ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று நகராட்சித் தலைவி ஒப்புக்கொண்டார். மொட்டின் அளவைப் பார்த்து நாள் குறித்ததில், இன்று பத்து மணிக்கு வருகிறார். நாறினால் கண்ணாடி வீடு பிழைக்கும். நாறாவிட்டால், செடிக்கு வேறு இடம் கிடையாது. இந்தச் சூடும் இந்த ஈரமும் இல்லாமல் அது ஒரு வாரம் தாங்காது.

இது போதாதென்று மச்சான் வேறு. மனைவியின் அண்ணன். பத்திரிகையில் வாராவாரம் உலக விநோதங்களை எழுதுகிறவர். இரண்டு தலை ஆடு, தவளை மழை, நாற்காலிக்குப் பதவி கொடுத்த ராஜா. அவர் எழுதுவதில் பாதி உண்மை, மீதி இடம் நிரப்ப. இந்தப் பூவைப் பற்றி, மூன்று தெருவுக்கு நாறும், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிவிட்டார். வெளிநாட்டில் ஒரு நீதிபதி இதை மோந்து பார்த்து மயங்கி விழுந்தார் என்றும் ஒரு வரி இருந்தது. எந்த நாடு என்று தோட்டக்காரர் கேட்டதற்கு, பெரிய நாடுதான் என்று பதில் சொன்னார்.

தோட்டக்காரர் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்து, பூ நாறவில்லை என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பால் தீய்ந்து வீடெல்லாம் புகையானாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆள் இன்றைக்காவது ஒன்றைக் கவனித்தாரே என்று சந்தோஷப்பட்டாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் போனைக் கொடுத்தாள்.

"பேப்பர் வந்தாச்சு மாப்ளே. வீடு வீடாப் போயி நான் அதைத் திருப்பி வாங்கவா?"

"நாறலையே மச்சான்."

"நாறலைன்னா நாற வைங்க."

சொல்லிவிட்டு மச்சான் சாப்பாட்டுக்குத் திரும்பினார். தோட்டக்காரர் பூவின் எதிரில் போய் உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அதிகம் பேசியது இந்தச் செடியோடுதான். அது ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எழுந்து சந்தைக்கு நடந்தார். வாசல் காவலாளி வழக்கத்துக்கு மாறாக எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கையை ஆட்டினான். டீ குடிக்கப் போயிருக்கிறான் போல.

மீன் கடையில் ஒரு அம்மாள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்ன மீன் வேண்டும் என்று கேட்டாள். எந்த மீனாக இருந்தாலும் சரி, நாள்பட்டதாக இருக்க வேண்டும் என்றார்.

"எத்தனை நாளு?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அவள் தீட்டுவதை நிறுத்தினாள். "பூனைக்கா அண்ணே?"

பூவுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "எனக்குத்தான்" என்றார்.

அவள் அவருடைய சேறு படிந்த கால்சட்டையையும், தையல் விட்ட செருப்பையும், தோட்டத்துச் சட்டையின் தேய்ந்த காலரையும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"வீட்ல எத்தனை பேரு?"

எத்தனை மூக்கு பாதிக்கப்படும் என்று கணக்குப் போடுகிறாள் போலும் என்று நினைத்து, நாலு பேர் என்றார்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது பைக்குள் பையாகச் சுற்றி இறுக்கிக் கட்டிய பொட்டலம் கையில் இருந்தது. காசை நீட்டினால் வாங்கவில்லை. கெட்டுப்போனதற்கு எந்த முகத்தோடு காசு வாங்குவாள்.

"கூச்சப்படாதீங்கண்ணே. நாளைக்கும் வாங்க."

"நாளைக்கு வேண்டியிருக்காதும்மா. இன்னிக்கு ஒரு பொழுது போனாப் போதும் எனக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. நாள்பட்ட மீனை அவ்வளவு நெருக்கத்தில் கையாண்டால் கலங்கத்தான் செய்யும்.

பொட்டலம் கையில் சில்லென்றிருந்தது. பயத்தில் கை சில்லிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மீன் நல்ல வேலை செய்தது. தோட்டத்தை நெருங்க நெருங்க, நடைபாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரர் வண்டியையே தெருவின் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். இத்தனை சுற்றுச் சுற்றியும் இப்படியென்றால் பிரித்தால் எப்படி இருக்கும் என்று தோட்டக்காரருக்கு முதல் முறையாகத் தெம்பு வந்தது.

தொட்டிக்குப் பின்னால் பாசியை விலக்கிப் பொட்டலத்தை வைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மேல்முடிச்சில் விரலை விட்டு ஒரு கிழி கிழித்தார். பாசியால் மூடினார்.

பத்து மணிக்கு இயக்குநர்தான் முதலில் உள்ளே வந்தார். இரண்டு அடி வைத்தவர் ஒரு அடி பின்வாங்கினார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். கைக்குட்டைக்கு மேலே அவர் கண் சிரித்ததைத் தோட்டக்காரர் அன்றுதான் பார்த்தார்.

அடுத்து நகராட்சித் தலைவி. மூக்கைப் பிடித்துக்கொண்டு பூவைச் சுற்றி வந்து, இது உயிரோடு இருக்கிற செடிதானே என்று இரண்டு தடவை கேட்டார். அவர் பின்னால் ஊரே திரண்டு வந்தது. ஒருவர் வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டது. பெண் சிரித்தாள், பையனால் முடியவில்லை. மச்சான் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கேமராவோடு முக்காலி மேல் ஏறி நின்று, மூன்று தெரு என்று நான் குறைத்து எழுதிவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

இப்படி ஒரு பொக்கிஷத்தை இடிக்கச் சொன்னது யார் என்று தலைவி எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். சொன்னது அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தோட்டக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். இந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் பிரித்து, இந்த வாடையில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து வெளியிடப் போவதாகச் சொன்னார். இயக்குநர் கைதட்டினார். வாடை வீணாகிவிடக் கூடாதென்று மேல் சன்னல்களை எல்லாம் மூடச் சொன்னார்.

தோட்டக்காரர் கண்ணைத் திறந்தார். ஒன்றுவிடாமல் என்றால் மீனும் அதில் வரும். பூவில் மீன் எப்படி வந்தது என்று உலகம் கேட்கும். சன்னல்களை மூடிவிட்டு, எல்லாரும் தலைவியோடு படத்துக்கு நின்ற நேரம் பார்த்து, தொட்டிக்குப் பின்னால் குனிந்து பாசிக்குள் கையை விட்டார்.

கையில் பொட்டலம் அகப்படவில்லை. வால் அகப்பட்டது.

டிக்கெட் அறையில் வளர்கிற மூன்று பூனைகளும் அங்கே இருந்தன. எப்போது வந்தன என்று தெரியவில்லை. பெரிய பூனை பொட்டலத்தைப் பல்லால் பிடித்திருந்தது. அவர் ஒரு பக்கம் இழுத்தார், அது ஒரு பக்கம் இழுத்தது. சத்தம் போட முடியாத நிலைமை இருவருக்கும். வாயில் பொட்டலம் இருந்ததால் அதற்கும், மானம் இருந்ததால் அவருக்கும். கடைசியில் பூனையே ஜெயித்தது. ஜெயித்த வேகத்தில் தொட்டியைச் சுற்றி ஓடி, தலைவியின் காலடியில் பொட்டலத்தைப் போட்டு, மற்ற இரண்டும் வந்து சேர, கண் மூடித் திறப்பதற்குள் மூன்றும் ஆளுக்கொரு மீனைக் கவ்விக்கொண்டு கதவு வழியாகப் பறந்தன. தரையில் கிழிந்த பைகளும் கொஞ்சம் தண்ணீரும் மிஞ்சின.

தொட்டிக்குப் பின்னாலிருந்து தோட்டக்காரர் மெல்ல எழுந்தார். பாசி ஒட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"என்னய்யா இது?" என்றார் இயக்குநர்.

பொய் ஒன்று தேடினார். கிடைக்கவில்லை. பொய்யெல்லாம் மச்சானுக்குத்தான் சட்டென்று வரும்.

"பூ நாறலைங்க ஐயா. காலைலேர்ந்து மோந்து மோந்து பாக்கறேன். நாறவே இல்லை. அதான் கெட்டுப்போன மீனை வாங்கியாந்து வச்சேன்."

அதற்குப் பிறகு ஆளாளுக்குத் திட்டினார்கள். எல்லாரும் மூக்கைப் பிடித்தபடியே திட்டியதால் பாதி வசவு அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது. ஊரைக் கூட்டி வைத்து என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாயே என்றார் இயக்குநர். பேராசிரியர் புட்டியின் மூடியைத் திறந்து, அத்தனை பாடுபட்டுப் பிடித்த காற்றை வெளியே விட்டார். மச்சான் மட்டும் தோளில் கை போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே. இது அதைவிடப் பெரிய செய்தி."

தலைவி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்ணாடி வீட்டை இன்றைக்கே பூட்டச் சொன்னார். நாளை இடிக்க ஆட்கள் வருவார்கள். இந்த ஏமாற்றுப் பூவை அதற்கு முன்னாலேயே அப்புறப்படுத்த வேண்டும். இயக்குநர் மூலையில் மாட்டியிருந்த வெட்டுக்கத்தியை எடுத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்தார்.

"நீ வளர்த்ததுதானே. உன் கையாலேயே வெட்டு."

அவர் கத்தியை வாங்கிக்கொண்டு தொட்டியின் முன்னால் முழந்தாளிட்டார். தண்டில் கை வைத்தார். மெல்லிய சூடு இருந்தது, காய்ச்சல்காரரின் நெற்றி போல. ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திறந்த அன்றைக்கு ஊரார் அதைப் பொய் என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று நினைத்தார். இதுவும் ஒருவகையில் அவரைப் போலத்தான். கூட்டம் கூடியதும் சொல்ல வேண்டியது வராமல் போய்விடுகிறது. கத்தியை ஓங்க அவர் கை மறுத்தது. பின்னால் இயக்குநர் சீக்கிரம் என்றார்.

அப்போது வாசல் பக்கம் தள்ளுமுள்ளு கேட்டது. மீன் கடை அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இன்று ஒரு பொழுது போனால் போதும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை; தோட்டத்துச் சட்டையை அடையாளம் வைத்துத் தேடி வந்திருக்கிறாள். உள்ளே கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கத்தியும் கையுமாகத் தரையில் முழந்தாளிட்டிருந்தவரைப் பார்த்ததும் ஓடி வந்து கத்தியைப் பிடுங்கினாள்.

இது யார் என்று இயக்குநர் கேட்டார். மீன் கொடுத்தவர் என்று தோட்டக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். இயக்குநருக்கு மிச்சமிருந்த கோபம் அவள் பக்கம் திரும்பியது. தோட்டம் முழுக்கப் பிணவாடை வீசுகிற அளவுக்கு நாறின மீனை மனுஷருக்கு விற்கிறாயே, உன் கடைக்கு நாளைக்கே சுகாதார அதிகாரியை அனுப்புகிறேன் என்றார்.

அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி, மூக்கைப் பிடித்து நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசியில் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆளைப் பார்த்தாள்.

"நாறின மீனா? நாலு பேர் உள்ள வீடு, நல்ல மீன் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுப் பழசு கேக்கறாரேன்னு பாவப்பட்டு, விடியக்காலம் படகுல வந்த மீனை ஐஸ் போட்டுல்ல கட்டிக் குடுத்தேன்."