ஒரே மருந்துக்காரர்

ஒரே மருந்துக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. ஒருமுறை பலித்த வித்தையை ஆயுள் முழுக்கக் கைவிடாதவர். மலேசியாவின் சிம்பாங் பூலாயில் கடுகுக்கீரை பயிரிட்டு ஈப்போ சந்தைக்கு அனுப்பும் ஐயாவு அண்ணன் இந்த ரகத்தில் அசல் உருப்படி.

அவரிடம் இரண்டு மருந்துகள் இருந்தன. கீரைக்கு ஒரு பாக்டீரியாத் தூள். தின்ற புழுவுக்குக் குடல் ஓட்டையாகும், மனிதருக்கு ஒன்றும் ஆகாது. பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு இன்னொன்று: "நான் தலைவர் பதவிய விட்டுட்டுப் போறேன்லா!" எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டும் பிரமாதமாக வேலை செய்தன. தூளைத் தெளித்தால் புழு சுருண்டது. துண்டை உதறினால் கமிட்டி சுருண்டது. பிறகு விடுவாரா? புழு இருந்தாலும் தெளித்தார், இல்லாவிட்டாலும் தெளித்தார், மழைக்கு முன்னும் பின்னும் தெளித்தார். பந்தல் கோணலுக்கும் போறேன், பாயசத்தில் முந்திரி குறைந்ததற்கும் போறேன்.

ஒரு நாள் கீரை சல்லடையாகிவிட்டது. தூளையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் புழுக்கள் கொழுத்துக் கிடந்தன. விவசாய இலாகா ஜெயபாலனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மருந்துல கலப்படம் தம்பி."

"மருந்து நல்லாத்தான் இருக்குண்ணே. ஆரம்பத்துலயே ஒண்ணு ரெண்டு புழு இந்த மருந்து ஏறாத வயித்தோட பொறந்திருக்கும். மத்ததையெல்லாம் நீங்க கொன்னுட்டீங்க. மிஞ்சினது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, பிள்ளைகளுக்கும் அதே வயிறு."

"இப்ப என்னா செய்றது?"

"கொஞ்ச நாள் இந்த மருந்த நிறுத்துங்க. அப்புறம் தெளிக்கிறப்பவும் ஓரத்துப் பாத்திய மட்டும் தெளிக்காம விடுங்க. மருந்துக்குச் சாகுற புழுவும் பிழைச்சு இதுங்களோட கலக்கட்டும். அப்பதான் மருந்துக்கு மறுபடி மரியாதை."

புழு வளர்க்கச் சொல்வதற்கா அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? அதே கோபத்தோடு அன்று மாலை கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். திருவிழா மேளத்தைப் பற்றிய பேச்சில் துண்டை உதறினார். "நான் போறேன்லா!"

"சரிண்ணே," என்றார் செயலாளர் பத்துமலை, டீயை உறிஞ்சியபடி. "போறப்ப அந்த ஃபேன ஆஃப் பண்ணிருங்க."

பாவம், அண்ணனுக்குக் கால் நகரவில்லை. அந்த நாற்காலி போனால் ஊரில் அவரை யார் மதிப்பார்கள்? மெல்ல உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். கையைப் பிடித்துக் கெஞ்சும் ராமையா எங்கே? கண் கலங்கும் அப்பாவு எங்கே? பயந்த சுபாவக்காரர்கள் எல்லாரும் இவர் தொல்லை தாங்காமல் எப்போதோ கமிட்டியை விட்டு விலகிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் எதற்கும் அசையாதவர்கள். அவர்கள் சேர்த்துவிட்ட மச்சான்மார்களும் அப்படியே. ஜெயபாலன் சொன்னது அப்போதுதான் அண்ணனுக்கு ஏறியது.

மறுநாள் காலை, ஓட்டையில்லாத கீரையாகப் பொறுக்கிக் கட்டி, மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊரான லகாட்டுக்குப் போய் ராமையா வீட்டு வாசலில் நின்றார்.

"கமிட்டிக்குத் திரும்பி வாய்யா. வேலை ஒண்ணும் இல்ல. நான் போறேன்னு சொல்றப்ப மட்டும், வேணாம்ணேன்னு ஒரு சத்தம் குடு, போதும்."

சிரிக்கிறீர்களா? நல்லது. "இனிமே இந்த வீட்டுல சாப்பிட மாட்டேன்" என்று நீங்கள் கடைசியாகக் கோபித்துக்கொண்டபோது, யாராவது ஓடி வந்து சமாதானம் செய்தார்களா, தட்டை எடுத்துக் கழுவப் போட்டார்களா? தட்டைத்தான் என்றால், எதற்கும் ஒரு கட்டுக் கீரை வாங்கி வையுங்கள்.