முதல் பெஞ்சும் பங்காக் கயிறும்

திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1099, மீன மாதம் 12

வடசேரியில் வசிக்கும் மகா கனம் பொருந்திய மச்சான் திரவியம் அவர்களுக்கு, பழவங்காடிப் பின்தெருவிலிருந்து நேசையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி தாசம்மாளும் மகள் செல்லபாயும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே உங்கள் சுகமும் பசுமாட்டின் சுகமும் அறிய ஆவல். எனக்கு எழுத்து வராது என்பது தெரிந்ததே. நான் சொல்லச் சொல்லச் செல்லபாய் எழுதுகிறாள்.

"கணக்கில் பதினொரு மார்க்கு வாங்கின பிள்ளைக்கு மண்டையில் ஒன்றுமில்லை, படிப்பை நிறுத்து" என்று எழுதியிருந்தீர்கள். கிறிஸ்மஸ் பரீட்சையில் எழுபத்தெட்டு வாங்கினதும் இதே மண்டைதான் மச்சான்! நடுவில் மாறினது பெஞ்சு.

வகுப்பு தொடங்கின அன்று கணக்கு ஸார் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டு, அதற்குத் தக்கபடி பெஞ்சு கொடுத்திருக்கிறார். இவள் எழுந்து, "எங்கப்பா கச்சேரி ஆபீசுல பெரிய துரை பக்கத்துல இருக்காவ ஸார். எங்கப்பா கை ஓய்ஞ்சா துரைக்கு வேர்த்திரும்" என்றிருக்கிறாள். நான் துரையின் தலைக்கு மேலே தொங்குகிற பங்கா விசிறியைக் கயிறு கட்டி இழுத்துக் காற்று வீசுகிற ஆள். பிள்ளை உள்ளதைத்தான் சொன்னாள். அந்த மனுஷனோ, துரையையே நடுங்கவைக்கிற பெரிய ஆபீசர் மகள் என்று நினைத்து முதல் பெஞ்சில் இருத்திவிட்டார்! அங்கே என்ன உபசாரம்! பின்னக் கணக்கை இரண்டு தடவை சொல்வாராம், ஸ்லேட்டைக் கையில் வாங்கித் தப்பைக் காட்டுவாராம், "மனசிலாயோ மோளே, புரிஞ்சுதா" என்று கேட்பாராம். கடைசி பெஞ்சுக்கு ஒரே தடவை, அதுவும் போர்டைப் பார்த்துக்கொண்டு. பிறகு பானைக்குத் தண்ணீர் எடுக்க அனுப்புவார். திரும்பி வருவதற்குள் கணக்கு முடிந்திருக்கும்.

கிறிஸ்மஸ் கழிந்து மகர மாதம் ஸார் ஏதோ மனுவோடு கச்சேரிக்கு வந்தார். வராந்தாவில் நான் கயிறும் கையுமாக இருக்கிறேன். "நேசையன் ஸாரெக் காணணும்" என்றார். "நான்தான்" என்று பல்லைக் காட்டினேன். மறுநாளே பிள்ளைக்குக் கடைசி பெஞ்சு, அடுத்த பரீட்சையில் பதினொன்று. போய்க் கேட்டேன். "கயிறு வலிக்குன்னவன்டெ மோளுக்கு பின்னம் எந்தினாடோ?" என்கிறார். கயிறு இழுக்கிறவன் மகளுக்குப் பின்னக் கணக்கு எதற்காம்! எனக்கு வந்ததே கோபம்! "ஓய், நான் துரைக்கு ஒரு காத்து, குமஸ்தாவுக்கு ஒரு காத்துன்னா வீசுதேன்? அந்த அறையில எல்லாருக்கும் ஒரே காத்துதான். நீரு பாடம் சொல்ல பெஞ்சு பாக்கீரே, வெக்கமா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு வார்த்தையும் சொன்னேன். ஏ பிள்ளே, அதை எழுதாதே. இதையும் ஏன் எழுதுதே? நிறுத்து.

மானமுள்ளவன் மகள் இனி அந்த வாசலை மிதிக்கமாட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியேறி வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும், அந்த ஸார் பானைக்கு எடுக்க வேண்டாம். இது என் முடிவு. துரையே வந்து சொன்னாலும் மாறாது.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
நேசையன்

பி.கு. மாமா, இது நான், செல்லபாய். நீங்கள் வரவேண்டாம். இதை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. நாளைக்குக் காலையில் முதல் ஆளாகப் போய் முதல் பெஞ்சில் உட்காரப்போகிறேன். ஸார் திட்டுவார், பிரம்பை எடுப்பார். எடுக்கட்டும். பின்னம் முடியாமல் எழும்ப மாட்டேன்.