கிளட்ச், அத்தை, ஒரு ஃபிளாஸ்க் டீ

இனிமேல் ஒருத்தனும் தன்னை முந்தக் கூடாது என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தபோது, எல்லாரும் அவரை முந்திப் போய் முடித்திருந்தார்கள்.

வாரம் பூராவும் அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலில் குட்டிக் கார் ஓட்டுவார். குட்டி என்றால் நிஜமாகவே குட்டி. கூரை கிடையாது. கதவு கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். ஓட ஆரம்பித்துவிட்டால் மனுஷன் கெட்டிக்காரர்தான். தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டி முன்னாலேயே இடம் பிடித்துவிடுவார். சிக்கல், ஓட ஆரம்பிப்பதில். பந்தயம் நின்ற இடத்திலிருந்துதான் தொடங்கும். எடை இல்லாத வண்டி. ஆக்சிலேட்டரை ஒரு நூல் கூடுதலாக மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும். ஒரு நூல் குறைந்தால் இன்ஜின் இருமிவிட்டுச் செத்துப்போகும். இவர் ஒரு வாரம் புகை, மறுவாரம் இருமல். எப்படியும் முதல் வளைவுக்குள் கடைசி ஆள்.

"லிஃப்ட்காரர்தானே, கீழதான் போவார்" என்று திடலில் சிரிப்பார்கள். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் குலுங்காமல் கிளம்ப வைக்கிற ஆள் தன் வண்டியைக் கிளப்பத் தெரியாமல் நிற்கிறாரே என்பது அவருக்கே தெரியும். யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிக்காட்டினார்கள்.

வீட்டில் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர். ஒரு ஆள் வாயைத் திறந்தாலே எது சொத்தை என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னிக்கு எப்படி?"

"ட்ராக் ஈரமா இருந்துச்சு."

"நான் ட்ராக்கைக் கேக்கல."

"கடைசி."

"மத்தவங்களுக்கு மட்டும் காஞ்சு கிடந்துச்சா?"

லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஹெல்மெட்தான். வேறு என்ன செய்வது?

"இங்க பாருங்க. மழை வந்தா துணி காயப்போட இடமில்ல. ஷெட் பூரா உங்க வண்டிதான். சீசன்ல இன்னும் ஒரு பந்தயம் இருக்குல்ல? அதுலயும் முதல் வளைவுல கடைசியா வந்தீங்கன்னா, வண்டி வெளியே, துணி உள்ளே. சரியா?"

"அது வெறும் விளையாட்டும்மா."

"துணி விளையாட்டு இல்ல. சரின்னு சொல்லுங்க. அம்மா சாட்சி."

அம்மா என்றால் லிஃப்ட்காரரின் மாமியார். பெரிய வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இவர்களோடு இருக்கிறவர். ஃபிளாஸ்க் இல்லாமல் அடுத்த அறைக்குக்கூடப் போக மாட்டார். "நான் சாட்சி" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

அந்த வண்டி போனால் அவருக்கு மிச்சம் லிஃப்ட்தான். மேலே, கீழே. மேலே, கீழே. ராத்திரி பூரா புரண்டார். விடியும்போது யோசனை வந்தது. திடலைச் சாதாரண நாளில் திறக்க மாட்டார்கள். அதனால் என்ன? ஊரில் இத்தனை சிக்னல் இருக்கிறதே. ஒவ்வொரு சிவப்பு விளக்கும் ஒரு பந்தயத் தொடக்கம். வீட்டுக் காரிலேயே பழகலாம். மனைவிக்குத் தெரியாமல் பழகலாம். தெரிந்தால் பெட்ரோல், டயர், புத்தி என்று மூன்று தலைப்பில் பேசுவாள்.

"கடைக்கு ஏதாவது போகணுமா?" என்றார். கல்யாணமானதிலிருந்து அந்த வாயில் வராத வாக்கியம்.

மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"சும்மாதான். உனக்கு ஒரு ஒத்தாசை."

அவள் அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப போர்வையெல்லாம் லாண்டரில குடுத்துட்டு, அப்படியே அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

லாண்டரி ஊருக்கு ஒரு கோடி. கண் டாக்டர் மறு கோடி. நடுவில் பூராவும் சிக்னல். கரும்பு தின்னக் கூலியா என்று கிளம்பினார்.

பின்சீட்டில் மாமியார், கையில் ஃபிளாஸ்க் மூடி நிறைய டீ. முதல் சிக்னல். இன்ஜினை உறும விட்டார். பச்சை விழுந்ததும் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி, அங்கேயே படுத்துவிட்டது.

"மாப்பிள்ளை."

"என்ன அத்தை?"

"டீ என் மேல கொட்டிருச்சு."

"ரோடு சரியில்ல அத்தை."

"நாம இன்னும் நகரவே இல்லையே மாப்பிள்ளை. ரோட்டைக் குத்தம் சொல்றீங்க."

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது.

ஆனால் அந்த டீதான் அவருக்கு வாத்தியார். சிந்தினால் கிளட்சை அவசரமாக விட்டுவிட்டார் என்று அர்த்தம். சிந்தாமல் ஹாரன் மட்டும் கேட்டால் ஆக்சிலேட்டர் போதவில்லை. மெல்ல மெல்லப் பிடிபட்டது. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஓர் இடத்தில் காரின் மூக்கு லேசாக நடுங்கும். அங்கே காலை அப்படியே நிறுத்த வேண்டும். இன்ஜின் வேகத்தைக் காட்டுகிற முள் ஆடக் கூடாது. விளக்கு மாறினதும் மிச்சத்தை மெதுவாக விட வேண்டும். பதறினால் போச்சு.

முள்ளைப் பார்ப்பதா, விளக்கைப் பார்ப்பதா என்பதுதான் குழப்பம். அதற்கும் மாமியாரே வழி சொன்னார்.

"நீங்க கீழ என்னமோ பாக்குறீங்க. பாருங்க. விளக்கை நான் பாத்துக்கறேன். சொன்னதும் எடுங்க."

பச்சை விழுந்தது. "எடுங்க மாப்பிள்ளை."

எடுத்தார். கார் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

இரண்டு பெண்களை ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறோம் என்ற பூரிப்பு, மனுஷனை எங்கெல்லாம் அலைய வைக்கும் தெரியுமா? வேலை முடிந்து இடுப்பு ஒடிந்து வருவார். சாவியை எடுப்பார், மாமியார் ஃபிளாஸ்க்கை எடுப்பார். தபால் ஆபீஸ், மருந்துக் கடை, தையல் கடை, நாய்க்கு ஊசி. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. பக்கத்து வீட்டு நாய்.

"உங்க வீட்டுக்காரர் தங்கம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா. தட்டத் தட்ட நீளுது" என்றாள் மனைவி.

கடைசிப் பந்தயம் வந்தது. மனைவியும் மாமியாரும் முதல் தடவையாகத் திடலுக்கு வந்து, ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தார்கள். தொடங்குகிற வரிசையில் லிஃப்ட்காரருக்கு மூன்றாவது இடம். ஹெல்மெட் மாட்டினார். இன்ஜினை ஏற்றினார். கிளட்சை விட்டுக்கொண்டே வந்து, மூக்கு நடுங்குகிற இடத்தில் நிறுத்தினார். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. இதைவிடப் பிரமாதமாக யாரும் நிறுத்த முடியாது.

எதிரே சிவப்பு விளக்குகள் எரிந்தன. அணைந்தன. அணைந்தால் கிளம்ப வேண்டும். எல்லாரும் கிளம்பினார்கள்.

லிஃப்ட்காரர் காத்திருந்தார். முள்ளையே பார்த்தபடி, கால் ஆடாமல், மூக்கு நடுங்க. "எடுங்க மாப்பிள்ளை" இன்னும் வரவில்லையே.

இந்த வண்டிக்குப் பின்சீட்டே கிடையாது என்பது உறைத்து, நிமிர்ந்து பார்த்தபோது எதிரே காலி ரோடு. அப்புறம் கிளம்பினார். புகை இல்லை. இருமல் இல்லை. அந்தத் திடல் அவ்வளவு அழகான கிளப்பலைப் பார்த்ததே இல்லை. முந்துவதற்குத்தான் பக்கத்தில் யாரும் இல்லை. முதல் வளைவில் கடைசி.

சாயங்காலம் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியாகத் துடைக்கிற துடைப்பு. மனைவி துவைத்த துணி வாளியோடு வந்தாள்.

"வாங்குறதுக்கு ஆள் சொல்லியிருக்கேன்" என்றார். "நாளைக்கு வந்து பாப்பாங்க."

"கடைக்குப் போகணுமான்னு கேட்டீங்களே, அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"சிக்னல்ல பழகுறீங்கன்னு. கீழயே பாத்துட்டு எவன் மேலயாவது ஏத்திருவீங்கன்னுதான் அம்மாவைப் பின்னால உக்கார வெச்சேன். விளக்கை நீ பாத்து சொல்லும்மான்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

லிஃப்ட்காரர் துணியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னிக்கு நான் நின்னது?"

"அது நான் நினைக்கவே இல்ல. அது உங்க சொந்தத் திறமை."

மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"வர்றவங்களை வேண்டான்னு சொல்லிடுங்க. வண்டி இருக்கட்டும். அடுத்த சீசனுக்கு விடாம பழகுங்க. நாளைக்குத் தையல் கடை, அப்புறம் அம்மாவுக்கு முட்டி டாக்டர்."

லிஃப்ட்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தார். தோற்ற பிறகும் விட்டுக்கொடுக்கிறாளே. "என் சந்தோஷத்துக்காக, துணிக்குக்கூட இடமில்லாம…"

"துணிக்கு இடமிருக்கு" என்று மனைவி, ஓட்டுபவர் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் பாதுகாப்புக் கம்பியில் ஒரு ஈரப் போர்வையை உதறிப் போட்டாள். "வண்டி போயிட்டா ஞாயித்துக்கிழமையும் நீங்க வீட்டுல இருப்பீங்களே. அதை யாரு தாங்குறது?"