ரங்காவின் விண்ணப்பம்

நூற்றுக்கு முப்பது மார்க் போட்டுவிட்டுக் கடைசிப் பட்டனை அமுக்கப் போன நேரத்தில்தான் நிருபமாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இதை எழுதியது ரங்காவாக இருந்தால்?

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கல்லூரியில் அவள் நுண்ணுயிரியல் பேராசிரியை. அரசு ஆராய்ச்சி நிதிக்கு வரும் விண்ணப்பங்களை மதிப்பிட முதல்முறையாக அவளை அழைத்திருந்தார்கள். கேன்டீன்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

எழுதியவர் பெயரைக் கம்ப்யூட்டரே மறைத்துத்தான் அனுப்பும்; அலுவலகத்துக்கும் தெரியாது. ஆனால், அல்சூர் ஏரியைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா, பக்கத்துக்கு நாலு 'உலகத்தரம்'. பத்து வருஷமாக அவளுக்குப் போட்டியாக நிற்கும் ரங்காவைத் தவிர வேறு யார்? யோசிக்க யோசிக்கச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

பழிவாங்கினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே. மார்க்கை ஐம்பதாக ஏற்றினாள். ஐம்பதில் ரங்காவுக்குப் பணம் கிடைத்துத் தொலைத்தால்? மறுபடி முப்பது.

நேர்மையான வழி ஒன்றுதான். நிதி கொடுக்கும் துறையின் அலுவலகத்தில் இருக்கும் மமதாவுக்குப் போன் போட்டாள்.

"மமதா, இது ரங்கா எழுதினது. எனக்கும் அவருக்கும் ஆகாது. வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

"அய்யய்யோ, பேடா மேடம், வேண்டாம், பேர் சொல்லாதீங்க! சொல்லிட்டீங்கன்னா நான் அவர்கிட்ட விளக்கம் கேக்கணும். ரூல்ஸ் அப்படி."

"தாராளமா கேளுங்க. எனக்கென்ன பயம்?"

மமதா கேட்டுவிட்டாள். அரை மணியில் ரங்காவே கூப்பிட்டார்.

"என்ன நிருபமா, என் மேல கம்ப்ளெய்ன்ட் பண்ணீங்களாமே? நான் அப்ளையே பண்ணலையே! உங்கள மாதிரி நானும் ரிவ்யூவர்தான். அந்த ஏரி அப்ளிகேஷன் எனக்கும் வந்துது. எண்பத்தஞ்சு போட்டேன். என்ன அருமையா எழுதியிருக்காங்க!"

நிருபமா குழைந்து குழைந்து மன்னிப்புக் கேட்டாள். போனை வைத்ததும் நிம்மதி. எழுதியது ரங்கா இல்லை என்றால் பழிச்சொல்லுக்கு இடமே இல்லை. அதோடு, ரங்காவுக்குப் பிடித்த ஒன்று எப்படி நன்றாக இருக்க முடியும்? முப்பதை இருபதாக்கினாள். 'எழுதியவருக்கு அடிப்படையே தெரியவில்லை' என்று ஒரு வரியும் சேர்த்தாள். பட்டனை அமுக்கினாள்.

அடுத்த மாதம் கல்லூரியில் இளம் விரிவுரையாளர்களைக் கூட்டி அவளைப் பேச வைத்தார்கள்.

"யார் எழுதினாங்கன்னு பாக்கவே கூடாது. என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாக்கணும். நான் அப்படித்தான்," என்றாள் நிருபமா. பலத்த கைதட்டல்.

வெளியே வந்தபோது, அவளிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி டீனா அழாத குறையாக நின்றிருந்தாள்.

"மேடம், போன வருஷம் நான் எழுதி, படிக்க நேரமில்லைன்னு நீங்க கையெழுத்து மட்டும் போட்டீங்களே, நம்ம ஏரி அப்ளிகேஷன்... ஒருத்தர் எண்பத்தஞ்சு போட்டும், எந்தப் புண்ணியவானோ இருபது போட்டுக் கவுத்துட்டாரு மேடம்!"