வைனும் வயலினும்

அன்புள்ள மருமகன் கிளைவுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா சூசைதாசன் எழுதுவது. புனித அந்தோனியார் தயவில் நானும் மாமி றோஸியும் சுகம். கனடாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ சுகமாக இருந்தால்தான் நான் ஏசப்போவதை முழுதாகக் கேட்பாய்.

போன நத்தார் பண்டிகைக்கு வந்தபோது என் லெப்டொப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, விண்டோஸைப் போட்டு இந்தப் பழைய மெஷினைச் சாகடிக்கிறீங்க. நான் லினக்ஸ் போட்டுத் தாறன்" என்றாய். நான் என்ன கண்டேன், ஓம் என்றேன். படம் பார்க்க, கடிதம் எழுத எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாமியின் தங்கச்சி மகள் ரொஷேலுக்குக் கலியாணம் சரிவந்தபோதுதான் வினை பிடித்தது. பொம்பிளை கோயிலுக்குள் நடந்து வரும்போது வாசிக்க வயலின்காரர் நாலுபேரைக் கூட்டிவருகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். இத்தனை வருஷம் அதே கோயிலில் கீபோட் வாசிக்கிறவன் நான் இருக்க வெளி ஆட்களா? "தேவையில்லை, என்ட லெப்டொப்புக்குள்ள நாற்பது வயலின் இருக்கு" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கீபோட்டை அமத்த உண்மையான வயலின் சத்தம் கொடுக்கும் அந்த சாம்ப்ளர் என்கிற புரோகிராம், விண்டோஸுக்கென்று செய்ததாம். லினக்ஸில் எத்தனை தரம் தட்டினாலும் செத்த பிணம்போலக் கிடந்தது.

உனக்கு போன் எடுத்தேன். நீ ஸ்பீக்கரில் சொன்னாய்: "வைன் போடுங்கோ மாமா, அப்பதான் விண்டோஸ் சாமான் ஓடும்." போட்டேன். அடுத்த நாள், "வைன் போட்டாச்சு கிளைவ், ஒண்டும் நடக்கல்ல" என்றேன். "அப்ப புதுப் போத்தல் ஒண்டு திறந்து அதுக்குள்ள போட்டுப் பாருங்கோ" என்றாய். வைன் என்பது ஒரு புரோகிராம், போத்தல் என்பது அதை வைத்திருக்கும் இன்னொரு புரோகிராம் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமிக்குத் தெரியுமா? அவள் தங்கச்சிக்குச் சொல்ல, தங்கச்சி ஃபாதருக்குச் சொல்ல, ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் என் தோளில் கைபோட்டு, "சூசை, மனசில ஏதும் பாரம் இருந்தா என்னோட கதைங்க" என்கிறார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

அத்தோடு விட்டதா? வயலின் சத்தங்கள் எல்லாம் வேறு டிஸ்கில் இருக்க, சாம்ப்ளர் காணவில்லை காணவில்லை என்று புலம்பியது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், இன்றைக்கு அமத்தினால் நாளைக்கு வருகிறமாதிரிப் பிந்திப் பிந்திச் சத்தம் வந்தது. அதையும் சரிப்படுத்தினால், லைசென்ஸ் பதிகிற புரோகிராம் வைனுக்குள் திறக்கவே மாட்டேன் என்றது. நீ சிரித்துக்கொண்டு, "டெமோவில ஓடட்டும் மாமா. கால்மணித்தியாலத்தில சத்தம் நிண்டுடும், மூடித் திறந்தாச் சரி. பொம்பிளை நடந்து வர ரெண்டு நிமிசம்தானே?" என்றாய். பொம்பிளை நேரத்துக்கு வந்தால் ரெண்டு நிமிஷம்தான், ராசா.

கலியாணத்தன்று பொம்பிளையின் கார் கிட்ட வந்துவிட்டது என்றதும் சாம்ப்ளரைத் திறந்து வைத்தேன். முகத்துவாரத்திலிருந்து வந்த காருக்கு முன்னால் கன்டெய்னர் லொறி ஒன்று தெருவுக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. நான் டெமோவை மறந்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கதவு திறந்து ரொஷேல் காலடி வைத்தாள், நாற்பது வயலினும் எழும்பின, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவள் பாதித் தூரம் வந்தபோது எல்லாம் ஒரே அடியாக நின்றுபோயிற்று. ரொஷேல் தூக்கிய காலை வைக்கத் தெரியாமல் நிற்கிறாள். முழுக் கோயிலும் திரும்பி என்னைப் பார்க்கிறது. மூடித் திறந்தேன். "வைன் புதுப்பிக்கப்படுகிறது, பொறுத்திருக்கவும்" என்று எழுதிக் காட்டியது. அந்த நேரத்தில்! பதட்டத்தில் கீபோட்டின் சொந்தச் சத்தத்துக்கு மாற்றக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் பாடகர் குழுவில் நின்ற டில்ஷானி தானாக ஆவே மரியா என்று எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்தார்கள், வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழும்பிச் சேர்ந்தார்கள், ரொஷேல் அழுதுகொண்டே நடந்து வந்தாள்.

சாப்பாட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் என் கையைப் பிடித்து, "சரியா அந்த இடத்தில வயலினை நிப்பாட்டினீங்களே, என்ன ஐடியா!" என்கிறார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரொஷேல் மட்டும் கிட்ட வந்து, "பெரியப்பா, அது தானா நிண்டதுதானே?" என்றாள். "ஓம் பிள்ளை." "ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்று சொல்லிக் கொஞ்சிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளையின் முகத்துக்காகத்தான் லெப்டொப்பை ஹார்பருக்குள் எறியாமல் வைத்திருக்கிறேன்.

ஆகவே மகன், பாஸ்காத் திருநாளுக்கு வரும்போது நீயே வந்து இந்த லினக்ஸைக் கழற்றிப் பழைய விண்டோஸைப் பூட்டிவிட்டுப் போ. அதுவரை நானும் தொடமாட்டேன், எனக்குத் தெரிந்த ஒரு மனிசரையும் தொட விடமாட்டேன்.

கோபம் உன்மேல் இல்லை, உன் மூளைமேல்தான். ஆண்டவர் அதையும் ஆசீர்வதிக்கட்டும். மாமி முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா சூசைதாசன்

பி.கு.: இதை அனுப்புமுன் மாப்பிள்ளையின் தம்பி கிஷாந்த் தன் லெப்டொப்போடு வந்து, "அங்கிள், அந்த வயலின் மாதிரி எனக்கும் செய்து தாங்க" என்றான். பெருமையில் நீ விட்டுப்போன பென் டிரைவைக் குத்தி லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். நன்றாக ஏறியது, டிஸ்கில் இருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டு. அவனுடைய விண்டோஸும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். கந்தோர் வேலைப் பைல்கள் எல்லாம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஹோலில் இருக்கிறான். மாமி இரண்டாம் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டாள். போனை எடு.